மாநாட்டு ஓட்டலுக்கு யார் பணம்? "ஒரு காசுகூட இல்லை" என்பவர்களுக்கு

பேரேடு

நேற்று வேறொரு இழையில் தெற்குக்கோபுரம் எழுதியது இது. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

"அமெரிக்க நகரங்களில் மாநாட்டு மண்டபத்தை ஒட்டி ஆயிரம் அறை ஓட்டல் கட்டத் திட்டம் வந்தால் உடனே நாலு பேர் கொடி பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடன் பத்திரத்தை அடைப்பது வெளியூர்க்காரன் கட்டும் அறை வரி. உள்ளூர்க் குடிமகன் கையிலிருந்து ஒரு காசுகூடப் போவதில்லை. இது புரியாதவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர எனக்கு நேரமில்லை."

அவருக்கு நேரமில்லையாம். எனக்கு இருக்கிறது. நகராட்சிக் கடன் பத்திரங்களைப் படிப்பதே என் பிழைப்பு என்பதால் இந்த "ஒரு காசுகூட" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த நகரத்தில் இந்தத் திட்டம் வந்தாலும் மேயரின் முதல் வாக்கியம் இதுதான். கட்டி முடித்த பிறகு யாரும் அதைத் திரும்பச் சொல்வதில்லை.

பால்டிமோரை எடுத்துக்கொள்ளுங்கள். மாநாட்டு மையத்தின் பக்கத்தில் 757 அறைகள் கொண்ட ஹில்டன் ஓட்டலை நகரமே சொந்தமாகக் கட்டியது. ஏறத்தாழ 30 கோடி டாலர் கடன் பத்திரம். 2008-இல் திறந்தார்கள். திறந்த பிறகு பல ஆண்டுகள் நட்டம். ஓட்டலின் வருமானம் போதாவிட்டால் நகரத்தின் மற்ற ஓட்டல்களில் வசூலாகும் அறை வரியும் துணைக்கு வரும் என்று நகரம் உறுதி கொடுத்திருந்தது. அந்த வரி யாருடையது? தெற்குக்கோபுரத்தாரின் சொந்தப் பணமா?

ஒரு காசுகூட இல்லை என்றவர் இங்கே வந்து பதில் சொல்லட்டும்.

தெற்குக்கோபுரம்

வந்துவிட்டேன். பால்டிமோர் என்று தொடங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓட்டல் என்றதும் நீங்கள் எல்லோரும் பால்டிமோரைத்தான் கையில் எடுப்பீர்கள். டென்வரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுங்களேன். 1,100 அறைகள், 2005 டிசம்பரில் திறப்பு, பொது அமைப்பு ஒன்றின் உடைமை, நிர்வாகம் ஹயாத் ஓட்டல் நிறுவனத்திடம். மாநாட்டு மையத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. அதனால் டென்வர் மூழ்கிவிட்டதா? ஹூஸ்டனில் 1,200 அறை, ஆஸ்டினில் 800 அறை. அந்த நகரங்களில் மக்கள் வீட்டை விற்றுக் கடன் கட்டுகிறார்களா?

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், துணைக்கு வருவது அறை வரி என்று. அறை வரியைக் கட்டுவது யார்? ஓட்டலில் தங்குகிறவன். உள்ளூரில் வீடு இருப்பவன் எதற்காக உள்ளூர் ஓட்டலில் தங்கப் போகிறான்? ஆக, உங்கள் உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. உள்ளூர்க் குடிமகன் பணம் ஒரு காசுகூட இல்லை. மீண்டும் சொல்கிறேன், ஒரு காசுகூட இல்லை.

கடன் பத்திரம் படிப்பது பிழைப்பு என்று பெருமை பேசுகிறவர் இந்த எளிய விஷயத்தைப் படிக்கத் தவறியது ஆச்சரியம்தான்.

விடுதிக்காரன்

தங்குகிறவன்தான் கட்டுகிறான் என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்! நான் ஓட்டல் தொழிலில் தலை நரைத்தவன். பெரிய ஓட்டல் இல்லை, நூறு அறைக்கும் குறைவு. வரி ஏறும்போது வாடிக்கையாளர் பார்ப்பது மொத்தத் தொகையை. வரி தனி, வாடகை தனி என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மொத்தம் கூடினால் அவர் வேறு இடம் தேடுவார். அவரை இழக்காமல் இருக்க நான் வாடகையைக் குறைக்கிறேன். ரசீதில் வரி கட்டியவர் அவர். உண்மையில் கட்டியவன் நான்.

அப்படி என் கல்லாவிலிருந்து போன வரியை வைத்துத்தான் எனக்கு எதிரே ஆயிரம் அறையில் போட்டி ஓட்டலைக் கட்டுகிறார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. தேங்காய் என்னுடையது. புண்ணியம் மேயருக்கு.

பேரேடு

விடுதிக்காரன் சொன்னதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. தெற்குக்கோபுரம் அதைத் தொட மாட்டார் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

அவருடைய "ஒரு காசுகூட"வுக்கு வருகிறேன். கடன் பத்திரத்தை அறை வரி அடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வரி இந்த ஓட்டல் இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும் என்று கேட்க வேண்டாமா?

லாஸ் ஏஞ்சல்ஸில் ஓட்டல் வரி 14 சதவீதம். அதில் பெரும்பகுதி நகரத்தின் பொது நிதிக்குத்தான் போகிறது. போலீஸ், தீயணைப்பு, பூங்கா, நூலகம் எல்லாம் அந்தப் பொது நிதியில்தான் நடக்கின்றன. அங்கே மாநாட்டு மையத்தின் அருகே 54 மாடிக் கோபுரத்தில் ஜேடபிள்யூ மாரியட், ரிட்ஸ் கார்ல்டன் இரண்டும் 2010-இல் திறந்தன. அந்த ஓட்டல்களில் வசூலாகும் அறை வரியைப் பல ஆண்டுகளுக்கு அந்தக் கோபுரத்தைக் கட்டிய நிறுவனமே வைத்துக்கொள்ளலாம் என்று நகர மன்றம் விட்டுக்கொடுத்தது. பொது நிதிக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. வராத பணமும் குடிமகன் பணம்தான். வீட்டு வாடகையை வசூலிக்காமல் விட்டுவிட்டு "என் பையிலிருந்து எதுவும் போகவில்லை" என்று எந்த வீட்டுக்காரராவது சொல்வாரா?

டெக்சஸையும் பாருங்கள். அவர் பெருமையோடு ஹூஸ்டன், ஆஸ்டின் என்று அடுக்கினாரே, அந்த மாநிலம். அங்கே சட்டம் குறிப்பிட்ட சில நகரங்களுக்கு ஒரு வசதி தருகிறது. தகுதி பெற்ற மாநாட்டு ஓட்டலில் வசூலாகும் மாநில ஓட்டல் வரி 6 சதவீதத்தையும், மாநில விற்பனை வரி 6.25 சதவீதத்தையும் முதல் 10 ஆண்டுகளுக்கு அந்தத் திட்டத்துக்கே திருப்பிவிடலாம். மாநிலக் கருவூலத்துக்குப் போக வேண்டிய பணம். அந்த மாநிலத்தில் ஓட்டல் பக்கமே போகாத ஒரு குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்றாவது, வரிவிலக்குப் பத்திரம். இந்தப் பத்திரங்களில் வரும் வட்டிக்குப் பெரும்பாலும் மத்திய வருமான வரி கிடையாது. அதனால்தான் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கு ஒத்துக்கொள்கிறார். அந்தச் சலுகையின் சுமை மத்தியக் கருவூலத்தின் தலையில் விழுகிறது.

மூன்று இடத்தில் காசு போகிறது. நீங்கள் ஒரு காசுகூட இல்லை என்கிறீர்கள்.

கண்காட்சிக்கூடம்

இருவரும் வரியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். மாநாடு நடத்துகிறவர்களுக்கு ஏன் அந்த ஓட்டல் வேண்டும் என்று ஒருவராவது எழுதினீர்களா? நான் பெரிய தொழில் மாநாடுகளுக்கு ஏற்பாடு செய்கிறவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஐயாயிரம் பேர் வரும் மாநாட்டுக்கு நகரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது "மண்டபத்தை ஒட்டி எத்தனை அறை ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்?" என்பதுதான். அப்படி ஓட்டல் இல்லாத நகரத்தில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். பன்னிரண்டு ஓட்டல்களில் ஆட்கள் சிதறிக் கிடப்பார்கள். பன்னிரண்டு ஒப்பந்தம், பன்னிரண்டு விலை. காலையில் முதல் உரை தொடங்க இருக்கும் நேரத்தில் பஸ் போக்குவரத்து நெரிசலில் நிற்கும். மழை வந்தால் கழுத்தில் அட்டை தொங்க, கையில் பை நனைய, வாசலில் வரிசை நிற்கும். பேச்சாளர் எங்கே என்று கேட்டால் நகரத்தின் மறுகோடியில் டாக்சி தேடிக்கொண்டிருப்பார். அடுத்த ஆண்டு அந்த நகரத்தின் பெயரையே எங்கள் குழு எடுக்காது.

இந்த ஓட்டல்களின் உண்மையான மதிப்பு அறை ஒதுக்கீட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. போர்ட்லாந்தில் மாநாட்டு மையத்துக்கு எதிரே 2019 டிசம்பரில் திறந்த ஹயாத்தில் மொத்தம் 600 அறை. அதில் 500 அறையை மாநாடுகளுக்காக ஒதுக்கித்தர வேண்டும் என்பதுதான் பேரம். தனியார் ஓட்டலிடம் போய், இன்னும் நான்கு ஆண்டு கழித்து வரும் ஒரு வாரத்துக்கு 500 அறையை இன்றைய விலையில் பிடித்து வை என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்த வாரத்தில் அதிக வாடகை தரும் வேறு ஆள் வருவான் என்று காத்திருப்பார்கள். பொதுப்பணம் போடுவது அந்த ஒதுக்கீட்டை வாங்கத்தான்.

தெற்குக்கோபுரம்

நன்றி, கண்காட்சிக்கூடம். தொழில் தெரிந்த ஒருவர் வந்து பேசியிருக்கிறார். பேரேடு இனி என்ன சொல்வார் பார்ப்போம்.

வரி "வந்திருக்கும்" என்கிறாரே, எப்படி வந்திருக்கும்? லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த 54 மாடியே இல்லையென்றால் அங்கே அறையும் இல்லை, அறை வரியும் இல்லை. இல்லாத மரத்தின் பழத்தை யாரோ பறித்துவிட்டதாக அழுகிறார். ஒரு காசுகூட இல்லை என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன்.

பேரேடு

அந்த 54 மாடி இல்லையென்றால் அங்கே தங்கியவர்கள் எல்லோரும் தெருவிலா படுத்திருப்பார்கள்? பக்கத்துத் தெருவில் வேறு ஓட்டலில் தங்கி அதே 14 சதவீதத்தைக் கட்டியிருப்பார்கள். அந்த 14 பொது நிதிக்குப் போயிருக்கும். புதிதாக நகரத்துக்கு வந்தவர் எத்தனை பேர், பக்கத்து ஓட்டலிலிருந்து இங்கே மாறியவர் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டும் கணக்கை இந்தத் திட்டங்களின் ஆதரவாளர்கள் கையில் நான் பார்த்ததே இல்லை.

கண்காட்சிக்கூடத்துக்கு ஒரு கேள்வி. போர்ட்லாந்தில் 2019 டிசம்பரில் திறந்தது என்றீர்கள். அடுத்த மார்ச்சில் என்ன நடந்தது என்று எழுதாமல் விட்டது ஏன்?

கண்காட்சிக்கூடம்

பெருந்தொற்றை யார் எதிர்பார்த்தார்கள்? அதையும் ஓட்டல் திட்டத்தின் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா?

பேரேடு

தொற்றை எதிர்பார்க்க வேண்டாம். வரவு நிற்கும் ஆண்டு ஒன்று வரும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா? முப்பது ஆண்டுக் கடன் எழுதுகிறவன் அதைத்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டும். 2001-இல் விமானப் பயணம் படுத்தது. 2008-இல் நிறுவனங்கள் பயணச் செலவை வெட்டின. 2020-இல் மண்டபங்களே மூடின. ஓட்டல் வருமானம், அறை வரி இரண்டும் ஒரே நாளில் ஒன்றாக வற்றுகிறவை. ஒன்று விழும்போது மற்றொன்று தாங்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. வற்றிய ஆண்டில் வட்டி மட்டும் வற்றுவதில்லை.

நடைபாதை

பணச் சண்டையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். பால்டிமோர் ஹில்டனைப் பற்றிப் பேசும்போது அது செய்த மற்றொரு அநியாயத்தை யாரும் சொல்லவில்லை. கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் மைதானத்தின் இருக்கைகளில் உட்கார்ந்தால் வெளிமைதானத்துக்கு அப்பால் நகரத்தின் வானவிளிம்பும், 1911-இல் கட்டிய ப்ரோமோ செல்ட்சர் மணிக்கூண்டும் தெரியும். கடிகார முகப்பில் எண்களைவிட எடுப்பாக ப்ரோமோ செல்ட்சர் என்ற மருந்தின் பெயரெழுத்துகள் இருக்கும் கோபுரம் அது. 1992-இல் திறந்த மைதானத்தின் அழகே நகரம் அதற்குப் பின்னணியாக நின்றதுதான். ஓட்டல் வந்து அதை மறைத்தது. பல இருக்கைகளிலிருந்து இன்று தெரிவது ஓட்டலின் சுவர்.

இந்தக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இதே குணம். ஒரு முழுத் தெருவையே விழுங்கும் அளவு. தரைத்தளத்தில் ஒரு பக்கம் லாரி வந்து நிற்கும் சரக்கு வாசல், மறுபக்கம் கார் நிறுத்துமிடத்தின் வாய், இன்னொரு பக்கம் பெருங்கூடத்தின் ஜன்னலற்ற சுவர். மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் மேலே கண்ணாடிப் பாலம். வந்தவர்கள் தரையில் கால் வைக்காமலே மூன்று நாள் இருந்துவிட்டுப் போகலாம். தெருவில் கடை வைத்திருப்பவனுக்கு என்ன மிச்சம்?

தெற்குக்கோபுரம்

மணிக்கூண்டா! முப்பது கோடி டாலர் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது மைதானத்தில் உட்கார்ந்து மணி பார்க்க முடியவில்லை என்பது குறையா? விளையாட்டைப் பார்க்கத்தானே போனீர்கள்?

நடைபாதை

நகரத்தைக் கட்டடக் கணக்காக மட்டும் பார்க்கிறவர்களிடம் இதைப் பேசுவது வீண். டிக்கெட் வாங்கிப் போனவர்களுக்கு அந்தக் காட்சியின் மதிப்பு தெரியும்.

தெற்குக்கோபுரம்

பழைய மைதானத்தை இடிக்கக்கூடாது என்று இங்கே மாதக்கணக்கில் சண்டை போட்டவர் நீங்கள்தானே? எதுவும் புதிதாக வரக்கூடாது உங்களுக்கு.

நடைபாதை

அந்த இழையில் என்னைக் கிழவன் என்று எழுதிவிட்டு நெறியாளர் கண்டித்ததும் அழித்தவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

கரையோரம்

புதிதாகச் சேர்ந்தவன். ஒரு சந்தேகம். "குடிமகன் பணம்" என்று எதைச் சொல்கிறோம்? கைவிட்ட வரியும் அதில் சேர்த்தியா, நேரடியாகச் செலவழித்தது மட்டுமா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றுகிறது.

தெற்குக்கோபுரம்

முடிவு செய்ய எதுவும் இல்லை. ஒரு காசுகூட இல்லை.

பேரேடு

முடிவு செய்ய எதுவும் இல்லை. மூன்று இடத்தில் போகிறது, மேலே எழுதிவிட்டேன்.

விடுதிக்காரன்

கண்காட்சிக்கூடத்தாரிடம் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது. பன்னிரண்டு ஓட்டல்களில் ஆட்கள் சிதறினால் உங்களுக்குத் தொல்லை என்றீர்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் நான். மாநாட்டு நாட்களில் நீங்கள் அனுப்பும் பட்டியலில் என் ஓட்டலின் பெயர் கடைசி வரியில் இருக்கும். கடைசி வரியானாலும் அந்த வாரம் எனக்கு நிறைந்த வாரம். பெரிய ஓட்டல் திறந்ததும் பட்டியல் சுருங்கியது. முதலில் போனது கடைசி வரி. நாங்கள் வரி கட்டிய நகரமே எங்களைப் பட்டியலிலிருந்து நீக்க ஏற்பாடு செய்தது.

கண்காட்சிக்கூடம்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பெரிய ஓட்டல் வந்தால் பெரிய மாநாடு வரும். ஆயிரம் அறை நிரம்பி வழிந்தால் மிச்சம் உங்களுக்குத்தான் வரும். சிறிய ஓட்டல்காரர்கள் இதை ஏற்பதே இல்லை. தங்கள் அறை மெத்தையை மாற்றுவதற்குக் கணக்குப் பார்ப்பார்கள், நகரத்தின் வளர்ச்சியைத் தடுப்பதற்கு மட்டும் வழக்குக்குச் செலவழிப்பார்கள்.

விடுதிக்காரன்

என் மெத்தையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன உரிமை? நீங்கள் ஒருநாளும் என் ஓட்டலில் தங்கியதில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு மாநாட்டு ஓட்டலில் மேல்மாடி அறை இலவசம். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை அறை எடுத்தால் ஏற்பாட்டாளருக்கு ஓர் அறை சும்மா வரும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் நகரம் வளர்வதாகத்தான் தெரியும்.

கண்காட்சிக்கூடம்

தனிப்பட்ட தாக்குதல். நெறியாளர் கவனிக்கவும்.

தெற்குக்கோபுரம்

வழக்கு என்றதும் டல்லாஸ் நினைவுக்கு வருகிறது. அங்கே நகரம் ஓட்டலைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று 2009 மே மாதத்தில் வாக்கெடுப்பே நடத்தினார்கள். எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? ஹார்லன் க்ரோ. டல்லாஸின் பெரிய அனட்டோல் ஓட்டல் அவருடைய குழுமத்தின் உடைமை. பொதுமக்களின் நலன், குடிமகன் பணம் என்று பதாகை பிடித்ததன் பின்னால் நின்றது போட்டி ஓட்டல் முதலாளி. மக்கள் அதைப் பார்த்தார்கள், தடையைத் தோற்கடித்தார்கள். 1,001 அறையோடு ஆம்னி ஓட்டல் 2011-இல் திறந்தது. மக்களே தீர்ப்புச் சொன்ன பிறகு பேரேடு யார் மறுவிசாரணை நடத்த?

பேரேடு

டல்லாஸைத் தொட்டதற்கு மகிழ்ச்சி. முதலில், அந்த வாக்கெடுப்பு மயிரிழை வித்தியாசத்தில் முடிந்தது. ஏறத்தாழ பாதி நகரம் வேண்டாம் என்று வாக்களித்ததை "மக்களே தீர்ப்பு" என்று ஊதுகிறீர்கள். இரண்டாவது, எதிர்ப்பவர் ஓட்டல் முதலாளி என்பதால் அவர் கேட்ட கேள்வி பொய்யாகிவிடுமா? ஆதரவாகப் பேசியவர்களில் கட்டுமான ஒப்பந்தக்காரர் இல்லையா, கடன் பத்திரம் விற்று தரகு வாங்குகிறவர் இல்லையா? யாருக்கு என்ன லாபம் என்று பார்ப்பதாக இருந்தால் இரு பக்கமும் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். டல்லாஸ் ஓட்டலுக்கு ஏறத்தாழ 50 கோடி டாலர் கடன் பத்திரம். இவ்வளவு உறுதியாக லாபம் வரும் தொழில் என்றால் தனியார் ஒருவரும் தங்கள் பணத்தை வைத்து ஏன் கட்டவில்லை? கண்காட்சிக்கூடம் தன்னை அறியாமல் பதில் சொல்லிவிட்டார். பெருங்கூடம், கூட்ட அறைகள், மலிவு விலையில் பல ஆண்டு முன்பே அறை ஒதுக்கீடு, இவ்வளவையும் சுமந்தால் போட்ட முதல் திரும்பாது. திரும்பாது என்று வங்கிக்குத் தெரிகிறது, ஓட்டல் நிறுவனத்துக்குத் தெரிகிறது. ஓட்டல் நிறுவனம் பெயர்ப்பலகையை மாட்டி நிர்வாகக் கட்டணம் வாங்கிக்கொள்கிறது. நட்டத்தை ஏற்க நகரம் கையெழுத்துப் போடுகிறது.

செயின்ட் லூயிஸில் என்ன நடந்தது? 1917-இல் கட்டிய பழைய ஸ்டாட்லர் ஓட்டலைப் புதுப்பித்து விரிவாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளோடு ரினெய்சன்ஸ் கிராண்ட் என்று 2003-இல் திறந்தார்கள். செலவு 26 கோடி டாலருக்கு மேல். பொது உதவியும் பழங்கட்டடப் புதுப்பிப்புக்கான வரிச்சலுகையும் அதில் கலந்திருந்தன. 2009-இல் கடன் பத்திரக்காரர்கள் ஜப்தி செய்து எடுத்துக்கொண்டார்கள். ஆறே ஆண்டு.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹேவுட் சாண்டர்ஸ் இதையெல்லாம் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். 2005-இல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அவருடைய அறிக்கையில், 1990-க்குப் பிறகு அமெரிக்காவில் மாநாட்டு மண்டபங்களின் பரப்பு பாதிக்குப் பாதி கூடியதையும், வருகிறவர்களின் கூட்டம் அதற்கேற்பக் கூடாததையும் காட்டினார். மண்டபம் காலியாக இருக்கிறது, ஓட்டல் கட்டினால் நிரம்பும் என்கிறார்கள். ஓட்டல் கட்டியதும் மண்டபம் சிறிதாகிவிட்டது, விரிவாக்கு என்கிறார்கள். பக்கத்து நகரமும் அதையே செய்கிறது. இருக்கும் அதே கூட்டத்தை எல்லா நகரங்களும் பிடித்து இழுக்கின்றன. இழுக்கும் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

தெற்குக்கோபுரம்

நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. செயின்ட் லூயிஸில் ஜப்தி செய்தது பத்திரக்காரர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அடி வாங்கியது முதலீட்டாளர். குடிமகன் அல்ல. ஒரு காசுகூட இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

டென்வருக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேரேடு

பொது உதவி, வரிச்சலுகை என்று இரண்டு சொல் அதே வாக்கியத்துக்கு முன்னால் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போனீர்கள். முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைக்கிறீர்கள்.

டென்வர் நன்றாக நடக்கட்டும், எனக்கு என்ன வருத்தம்? ஒரு நகரத்தில் நடந்தது என்பதால் மற்ற நகரத்தின் கடன் அடைந்துவிடாது.

கரையோரம்

வேறொன்று கேட்கலாமா? சில மாநிலங்களில் ஓட்டல் வரியைச் சுற்றுலாவுக்குத் தவிர வேறு எதற்கும் செலவழிக்கச் சட்டம் தடுக்கிறதே. டெக்சஸில் நகரத்தின் ஓட்டல் வரி அப்படித்தான். அப்படியென்றால் சாலைக்குப் போயிருக்கும், நூலகத்துக்குப் போயிருக்கும் என்ற வாதம் அங்கே நிற்காதே?

தெற்குக்கோபுரம்

ஆகா! புதியவருக்கு இருக்கும் தெளிவு பழையவருக்கு இல்லை. பேரேடு, இதற்குப் பதில்?

பேரேடு

டெக்சஸில் நான் பேசியது மாநில வரியையும் மாநில விற்பனை வரியையும் பற்றி. நகர வரியைப் பற்றி அல்ல. மேலே போய்ப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் அந்தத் தடையே இல்லை. சான் டியாகோவில் 2020 மார்ச்சில் ஓட்டல் வரியை உயர்த்த மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். மாநாட்டு மைய விரிவாக்கம், வீடற்றோருக்கான உதவி, சாலைப் பராமரிப்பு மூன்றும் ஒரே வரியில் இருந்தன. ஓட்டல் வரியில் சாலை போட முடியும் என்பதற்கு இது போதாதா?

தடை இருக்கும் இடத்திலும் அது யார் போட்ட தடை? சட்டமன்றம் போட்டது. சுற்றுலாத் துறையினர் காத்து நிற்கும் தடை. பணத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவி இல்லை, அதனால் இது உங்கள் பணமில்லை என்கிறீர்கள்.

விடுதிக்காரன்

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என் பணம் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள்.

தெற்குக்கோபுரம்

உங்கள் பணம் அல்ல, உங்கள் வாடிக்கையாளர் பணம். நீங்கள் வசூலித்துக் கட்டும் இடைத்தரகர் மட்டும்தான்.

விடுதிக்காரன்

இடைத்தரகரா? அதிகாலை நாலு மணிக்குக் குழாய் உடைந்தால் வாளியோடு ஓடுகிறவனை இடைத்தரகர் என்கிறீர்கள். நகரத்துக்குச் சொந்தமான ஓட்டலில் குழாய் உடைந்தால் யார் ஓடுவார்? மேயரா?

நெறியாளர்

மணிக்கூண்டு, மெத்தை, பழைய மைதான இழை ஆகியவற்றை விட்டுவிட்டுத் தலைப்புக்கு வாருங்கள். கண்காட்சிக்கூடத்தைக் குறித்த இலவச அறைப் பேச்சும் இதோடு நிற்கட்டும்.

நடைபாதை

மணிக்கூண்டு தலைப்புக்குள்தான் வருகிறது. பொதுமக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பதில் காட்சியும் அடக்கம். கணக்குக்காரர்கள் மட்டும்தான் இங்கே பேசலாமா?

கண்காட்சிக்கூடம்

கிளீவ்லாந்தையும் பாருங்கள். மாநாட்டு மையத்தை ஒட்டி மாவட்ட நிர்வாகமே 600 அறையில் ஹில்டன் கட்டி 2016 ஜூனில் திறந்தது. அடுத்த மாதமே குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு அந்த நகரத்தில் நடந்தது. அதுவரை அவ்வளவு பெரிய கூட்டம் அங்கே வந்து எத்தனை காலம் ஆகியிருந்தது? ஓட்டல் இல்லாமல் அது நடந்திருக்குமா?

பேரேடு

கட்சி மாநாடு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு நாள். கடனுக்குத் தவணை ஒவ்வோர் ஆண்டும். மற்ற நாட்களில் அந்த 600 அறை எப்படி நிரம்புகிறது, பக்கத்தில் இருந்த எந்த ஓட்டலிலிருந்து ஆள் வந்தது என்று சொல்லுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். பிறகு தெற்குக்கோபுரத்தாரின் காசுக்கு வருகிறேன்.

தெற்குக்கோபுரம்

வாருங்கள், வாருங்கள். டென்வர் வழியாக வாருங்கள்.

விடுதிக்காரன்

கிளீவ்லாந்தில் அந்த நான்கு நாள் முடிந்ததும் சிறிய ஓட்டல்களின் நிலை என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்காட்சிக்கூடம் இதற்கும் பதில் சொல்லட்டும். "மிச்சம் உங்களுக்கு வரும்" என்று திரும்ப எழுத வேண்டாம்.

கண்காட்சிக்கூடம்

திரும்ப எழுதத்தான் போகிறேன். மிச்சம் உங்களுக்குத்தான் வரும்.